கினிப்பன்றிக்குச் சிறுநீர்க் கோளாறு வந்தால்: அறிகுறி முதல் அறுவை சிகிச்சை வரை ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கினிப்பன்றியின் பெயர் மிளகு. நான்கு வயதுப் பெண். புழுக்கை போடும்போது அவள் மெல்லிய குரலில் கத்தத் தொடங்கியதை நான் மலச்சிக்கல் என்று முடிவு கட்டினேன். அந்த ஒரு தவறான முடிவினால் 12 நாள்கள் வீணாயின. உண்மையில் அவளது சிறுநீர்ப்பையில் 7 மில்லிமீட்டர் அளவில் ஒரு கல் இருந்தது. 980 கிராம் இருந்த உடல் எடை 860 கிராமாகக் குறைந்த பிறகே அது எக்ஸ்ரேயில் தெரிந்தது. இடைப்பட்ட நாள்களில் தவறான மருந்து, தவறான ஆலோசனை, தேவையற்ற செலவு ஆகிய எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். புதிதாகக் கினிப்பன்றி வளர்ப்பவர்கள் அதே சுற்றில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவர் அல்லன். ஆகவே மருந்தின் அளவுகள் எதையும் இங்கே தரவில்லை. அவற்றை உங்கள் மருத்துவர்தான் எடை பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

1. நோய் வருவதற்கு முன்பே மருத்துவரைத் தேடி வையுங்கள்

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் உள்ள செல்லப்பிராணி மருத்துவமனைகளில் பெரும்பாலானவை நாய்களையும் பூனைகளையும் பார்த்துப் பழகியவை. நோய் முற்றிய இரவில் தொலைபேசியை எடுத்துத் தேடத் தொடங்கினால், கிடைக்கும் முதல் இடத்துக்கு ஓட வேண்டியிருக்கும். நான் முதலில் அழைத்த ஓரிடத்தில், “பன்றி எத்தனை கிலோ இருக்கும்? வண்டியில் ஏற்ற ஆள் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

ஆரோக்கியமாக இருக்கும் நாளிலேயே மூன்று நான்கு மருத்துவமனைகளை அழைத்து, பின்வரும் கேள்விகளைக் கேட்டு விடைகளைக் குறித்து வையுங்கள். முயல், கினிப்பன்றி போன்ற சிறு பிராணிகளை வாரத்துக்கு எத்தனை பார்க்கிறீர்கள்? எக்ஸ்ரே அங்கேயே எடுக்க முடியுமா? ஐசோஃபுளூரேன் என்னும் வாயு மயக்க மருந்து வசதி இருக்கிறதா? இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யார் இருப்பார்கள்? கடைசியாக ஒரு கேள்வியைச் சாதாரணமாகக் கேளுங்கள்: “கினிப்பன்றிக்கு வாய்வழியாக அமோக்சிசிலின் கொடுக்கலாமா?” கூடாது என்ற பதில் தயங்காமல் வந்தால் அந்த இடத்தை நம்பலாம். காரணத்தை எட்டாம் படியில் சொல்கிறேன்.

அருகில் தகுந்த தனியார் மருத்துவமனை இல்லாதவர்கள், கால்நடை மருத்துவக் கல்லூரிகளுடன் இணைந்த மருத்துவமனைகளை விசாரித்துப் பார்க்கலாம். சென்னையில் வேப்பேரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் இத்தகைய கல்லூரிகள் உள்ளன. கட்டணம் பொதுவாகக் குறைவு. ஆனால் காத்திருக்கும் நேரம் அதிகம். நாய்கள் குரைக்கும் கூடத்தில் கினிப்பன்றியை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும் என்பதால், பெட்டியை மூடுவதற்கு ஒரு துணி கொண்டு செல்லுங்கள்.

2. தராசும் குறிப்பேடும் வாங்குங்கள்

கினிப்பன்றி இரையாக வாழ்ந்து பழகிய இனம். வலியையும் பலவீனத்தையும் அது வெளியே காட்டாது. காட்டத் தொடங்கும்போது நோய் முற்றியிருக்கும். அது மறைக்க முடியாத ஒன்று உடல் எடை மட்டுமே. 1 கிராம் துல்லியம் கொண்ட சமையலறை மின்தராசு 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. அதன் மேல் ஒரு பாத்திரத்தை வைத்து, வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். வளர்ந்த கினிப்பன்றி ஏறத்தாழ 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். வயிறு நிறைந்திருப்பதையும் சிறுநீர் கழித்திருப்பதையும் பொறுத்து 20, 30 கிராம் ஏறி இறங்குவது இயல்பு. ஒரு வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால் தினமும் எடை பார்க்கத் தொடங்குங்கள். 100 கிராம் அளவுக்குக் குறைந்துவிட்டால், வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள்.

குறிப்பேட்டில் எடையைத் தவிர, அன்றைய காய்கறி, குடித்த தண்ணீரின் ஏறத்தாழ அளவு, சிறுநீரின் நிறம் ஆகியவற்றையும் ஒரு வரியில் எழுதினால் போதும். நோய் வந்த பிறகு மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அந்தக் குறிப்பேடே விடை சொல்லும்.

3. இயல்பான சிறுநீரைப் பார்த்துப் பழகுங்கள்

மற்ற பல விலங்குகளைப் போலன்றி, கினிப்பன்றி உணவிலுள்ள கால்சியத்தைத் தேவைக்கு மிஞ்சியும் குடலில் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அதனால் அதன் சிறுநீர் காரத்தன்மை உடையதாகவும், சற்றுக் கலங்கியதாகவும், சில வேளைகளில் பால்போல் வெளுத்தும் இருக்கும். துணியில் காய்ந்த பிறகு மெல்லிய வெண்படலம் தெரிவதும் இயல்பே. அந்தப் படலத்தில் வினிகரைத் தெளித்தால் நுரைக்கும். சுண்ணாம்பில் அமிலம் பட்டது போன்றதுதான். கூண்டின் அடித்தட்டைக் கழுவுவதற்கு வினிகர் உதவுவதும் இதனால்தான்.

எப்போது கவலைப்பட வேண்டும்? காய்ந்த படலத்தை விரலால் தேய்க்கும்போது மாவுபோல் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. மணல்போல் நெறுநெறுவென்று உறுத்தினால், அல்லது சிறுநீர் கஞ்சிபோல் தடித்து வந்தால், சிறுநீர்ப்பையில் கால்சியப் படிவு சேர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று நாள்களுக்குள்ளேயே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதையெல்லாம் மரத்தூள் பரப்பிய கூண்டில் பார்க்கவே முடியாது. மரத்தூள் சிறுநீரை உறிஞ்சி நிறத்தை மறைத்துவிடும். ஈரம் தங்கிவிட்டால் தொற்றுக்கும் வழி செய்யும். கூண்டில் ஒரு பகுதியிலாவது வெளிர்நிறப் பருத்தித் துணியை விரித்து நாள்தோறும் மாற்றுங்கள். பழைய வேட்டித் துணி இதற்கு மிகவும் ஏற்றது.

4. அறிகுறிகளைச் சேர்த்துப் படியுங்கள்

தனியாக ஓர் அறிகுறியை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஆனால் பின்வருவனவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்: சிறுநீர் கழிக்கும்போதோ புழுக்கை போடும்போதோ கத்துதல், முதுகைக் கூனிக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி முக்குதல், அடிக்கடி துளித்துளியாகக் கழித்தல், பின்பகுதி எப்போதும் ஈரமாகவும் கடும் நாற்றத்துடனும் இருத்தல், சிறுநீரில் சிவப்பு, முடி சிலிர்த்தபடி ஒரு மூலையில் உட்கார்ந்திருத்தல், கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் ஓசை கேட்டும் ஓடி வராதிருத்தல்.

நான் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. புழுக்கை போடும்போது கத்துவதால் கோளாறு குடலில்தான் என்று நினைத்தேன். சிறுநீர்ப்பையும் குடலின் கடைப்பகுதியும் அருகருகே இருப்பதாலும், இரண்டுக்கும் ஒரே விதமாக முக்க வேண்டியிருப்பதாலும், சிறுநீர்ப்பையில் கல் உள்ள கினிப்பன்றி புழுக்கை போடும்போதும் வலியில் கத்தும். புழுக்கை வழக்கமான அளவிலும் வடிவிலும் இருந்து, கத்தல் மட்டும் கேட்டால், சந்தேகம் முதலில் சிறுநீர்ப்பையின் மீதுதான் எழ வேண்டும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டையும் அறிந்திருங்கள். ஆணுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் நீளமானது என்பதால் சிறு கல்லும் அதில் சிக்கி முழு அடைப்பை உண்டாக்கலாம். பெண்ணுக்குக் குழாய் குட்டையானது. அதனால் சிறிய கற்கள் சில நேரம் தாமாகவே வெளியேறிவிடும். ஆனால் அதே காரணத்தால் குடலிலுள்ள கிருமிகள் எளிதில் உள்ளே ஏறித் தொற்றை உண்டாக்குகின்றன. மேலும், பெண் கினிப்பன்றியின் சிறுநீரில் தெரியும் இரத்தம் கருப்பையிலிருந்தும் வரலாம். கருப்பைக் கட்டியும் சினைப்பை நீர்க்கட்டியும் வயதான பெண்களில் அடிக்கடி காணப்படுபவை. ஆகவே இரத்தம் தெரிந்தாலே சிறுநீர்த் தொற்று என்று மருந்து எழுதப்பட்டால், கருப்பையையும் பார்த்தீர்களா என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

5. சிவப்பு எல்லாம் இரத்தம் அல்ல. ஆனால் சோதித்துப் பாருங்கள்

பீட்ரூட் தின்ற மறுநாள் சிறுநீர் சிவக்கலாம். வேறு சில தாவர நிறமிகளும், காற்றுபட்டு நேரம் கடப்பதும் சிறுநீரை ஆரஞ்சு அல்லது பழுப்பு நிறமாக்கும். முதலில் அந்த உணவை நிறுத்திவிட்டு, வெள்ளைத் துணியில் புதிதாக விழுந்த சிறுநீரைப் பாருங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உள்ளன. மருந்துக்கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடை, கறை பட்ட துணியின் மீது ஓரிரு துளி விட்டால், இரத்தம் இருக்கும்போது வெண்ணுரை பொங்கும். துணியில் புழுக்கையோ இலைத்துணுக்கோ ஒட்டியிருந்தாலும் நுரைக்கலாம் என்பதால் துப்புரவான துணியில் செய்யுங்கள். அந்தத் திரவத்தைக் கினிப்பன்றியின் உடலில் ஒருபோதும் படவிடாதீர்கள். மற்றொன்று, மனிதர்களுக்கான சிறுநீர்ச் சோதனைப் பட்டை. அதில் இரத்தத்துக்குரிய கட்டத்தின் நிறமாற்றம் பயனுள்ளது. புரதத்துக்குரிய கட்டத்தை நம்ப வேண்டாம். சிறுநீரின் காரத்தன்மையே அந்தக் கட்டத்தைப் பொய்யாக நிறம் மாறச் செய்துவிடும்.

சோதனையில் இரத்தம் தெரியவில்லை என்பதற்காக, கத்தலும் எடைக்குறைவும் இருக்கும்போது வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

6. எவ்வளவு அவசரம் என்று முடிவு செய்யுங்கள்

உடனே, இரவாக இருந்தாலும் கிளம்ப வேண்டியவை: மீண்டும் மீண்டும் முக்கியும் ஒரு துளிகூட வராமல் இருப்பது, அடிவயிறு இறுகிப் புடைத்திருப்பது, உடல் சில்லிட்டுத் துவண்டு கிடப்பது. முழு அடைப்பு ஏற்பட்டால் சில மணி நேரங்களிலேயே உயிருக்கு ஆபத்து உண்டாகிறது. “காலை வரை பார்க்கலாம்” என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. அடிவயிற்றை நீங்கள் அமுக்கிச் சிறுநீரை வெளியேற்ற முயலாதீர்கள், சிறுநீர்ப்பை கிழியக்கூடும்.

அன்றைக்கே காட்ட வேண்டியவை: கண்ணுக்குத் தெரியும் இரத்தம், கழிக்கும்போது கத்தல், உணவைப் பாதியாகக் குறைத்தல். கினிப்பன்றியின் குடல் இடைவிடாது இயங்க வேண்டியது. வலியால் 12 மணி நேரத்துக்கு மேல் தின்னாமல் இருந்தால், முதலில் வந்த நோய் ஒருபுறமிருக்க, குடல் இயக்கம் நின்று அதுவே உயிரைப் பறிக்கும்.

இரண்டு மூன்று நாள்களுக்குள் காட்டினால் போதுமானவை: மணல் போன்ற படிவு, பின்பகுதி ஈரம், லேசான எடைக்குறைவு. இவற்றோடு நன்றாகத் தின்று ஓடியாடிக்கொண்டிருந்தால் மட்டுமே இந்த அவகாசம்.

7. மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் எடுத்துச் செல்ல வேண்டியவை

எடைக் குறிப்பேடு, கத்தலையும் முக்குவதையும் காட்டும் 30 விநாடிக் காணொளி (மேசைமீது வைத்தவுடன் கினிப்பன்றி கல்லாய் உறைந்துபோய்விடும், மருத்துவருக்கு எதையும் காட்டாது), கறை பட்ட துணியின் ஒளிப்படம், முடிந்தால் அன்று காலை பிளாஸ்டிக் தட்டில் விழுந்த சிறுநீரை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி மூடிய புட்டியில், கொடுக்கும் தீவனத்தின் பெயர், முன்பு வாங்கிய மருந்துச் சீட்டுகள், பழைய எக்ஸ்ரே. மாதிரிச் சிறுநீரை இரண்டு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது.

வெறும் வயிற்றில் கூட்டிச் செல்லாதீர்கள். பெட்டிக்குள் புல்லும் ஒரு துண்டு வெள்ளரிக்காயும் வையுங்கள். இரண்டு கினிப்பன்றிகள் வளர்ப்பவர்கள் துணையையும் சேர்த்துக் கொண்டு செல்வது அச்சத்தைக் குறைக்கும். வெயிலில் ஆட்டோப் பயணம் தவிர்க்க முடியாததாக இருந்தால், ஈரத்துணி சுற்றிய குளிர்நீர்ப் புட்டியைப் பெட்டியின் ஒரு மூலையில் வையுங்கள். 30 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் கினிப்பன்றிக்கு ஆபத்தானது. நம் ஊரில் அது ஆண்டின் பெரும்பகுதி.

வரும்போது கையில் வாங்கி வர வேண்டியவையும் உண்டு. மருந்துச் சீட்டில் மருந்தின் பெயர், ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம், ஒரு வேளைக்கு எத்தனை மில்லி, எத்தனை நாள் என்னும் நான்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதை வற்புறுத்துவதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். வலிக்குத் தரப்படும் மெலாக்சிகாம் திரவம் நாய்களுக்கென்று மில்லிக்கு 1.5 மில்லிகிராம் அடர்விலும், பூனைகளுக்கென்று 0.5 மில்லிகிராம் அடர்விலும் கிடைக்கிறது. “0.3 மில்லி கொடுங்கள்” என்று மட்டும் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு கடைக்குச் சென்றால், கிடைக்கும் புட்டியைப் பொறுத்து மருந்தின் அளவு மூன்று மடங்கு மாறிவிடும். எக்ஸ்ரேயின் மின்படியையும் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவரிடம் போனால் மறுபடி எடுக்கும் செலவு மிச்சம்.

8. பரிசோதனைகள், மருந்துகள், அவற்றிலுள்ள பொறிகள்

கினிப்பன்றிக்கு உண்டாகும் சிறுநீர்க் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெளிவாகத் தெரியும். எனவே சிறுநீரில் இரத்தமும் கத்தலும் இருக்கும்போது எக்ஸ்ரே எடுக்காமல் மருந்து மட்டும் தந்து அனுப்பினால், ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பக்கவாட்டிலும் மல்லாந்த நிலையிலுமாக இரண்டு கோணங்களில் எடுக்க வேண்டும். படம் பின்பகுதியின் நுனி வரை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். குழாயின் வாய் அருகே சிக்கிய கல், படத்தின் விளிம்புக்கு வெளியே போய்விடுவதால் தவறவிடப்படுவது உண்டு. கல் இல்லாவிட்டால் சிறுநீர்ப் பரிசோதனை, கிருமி வளர்ப்புச் சோதனை, ஸ்கேன் ஆகியவை அடுத்தடுத்து வரும். கிருமி வளர்ப்பு முடிவு வருவதற்கு இரண்டு மூன்று நாள்கள் பிடிக்கும். கல்லும் இல்லாமல், கிருமியும் இல்லாமல், சிறுநீர்ப்பையின் சுவர் மட்டும் அழன்று இரத்தம் கசியும் நிலையும் உண்டு. அதற்கு நீண்ட காலம் வலி மருந்தும் பொறுமையும் தேவைப்படும்.

மருந்துக்கு வருவோம். பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த ஆம்ப்பிசிலின், அமோக்சிசிலின் போன்றவையும், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் போன்றவையும் வாய்வழியாகச் சென்றால் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகளைப் பெருக விடுகின்றன. முடிவு பெரும்பாலும் மரணம். நாய்க்கும் பூனைக்கும் அன்றாடம் எழுதப்படும் மருந்துகள் என்பதால் கைதவறி எழுதப்படுகின்றன. நான் முதலில் போன மருத்துவமனையில் எழுதித் தந்தது அமோக்சிசிலின் கலந்த திரவமே. இரண்டு வேளை கொடுத்த பிறகு மிளகு முற்றிலுமாகத் தின்பதை நிறுத்தினாள். இரண்டாவது மருத்துவர் புட்டியைப் பார்த்ததும் முதலில் செய்த வேலை அதைத் தம் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டியதுதான். கினிப்பன்றியின் சிறுநீர்த் தொற்றுக்கு வழக்கமாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா வகையும் என்ரோஃபுளாக்சசினும் ஆகும். ஐந்தாம் நாளில் துள்ளி விளையாடினாலும் எழுதிய நாள்கள் முடியும் வரை கொடுங்கள்.

வலி மருந்து எழுதப்படவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். வலி தணிந்தால்தான் தின்னும், தின்றால்தான் பிழைக்கும். வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

இன்னொரு பொறி அன்பினால் வருவது. கல் என்ற சொல்லைக் கேட்டதும் அக்கம்பக்கத்தினரும் உறவினரும் வாழைத்தண்டுச் சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லித் தண்ணீர் என்று வரிசையாகச் சொல்வார்கள். எங்கள் அத்தை வாழைத்தண்டுச் சாற்றை வடிகட்டிப் புட்டியில் ஊற்றியே கொண்டு வந்துவிட்டார். மனிதர்களுக்கு வரும் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். கினிப்பன்றியின் கல் வேறு வேதிப்பொருள். உருவாகிவிட்ட கால்சியம் கார்பனேட் கல்லைக் கரைக்கும் உணவோ சாறோ கிடையாது. அந்தச் சாற்றை நான் குடித்தேன், அத்தைக்கும் மனநிறைவு.

9. செலவுக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஆயத்தமாகுங்கள்

சென்னையில் தனியார் மருத்துவமனையில் எனக்கு ஆன செலவை அப்படியே தருகிறேன். இடத்துக்கு இடம் மாறும் என்றாலும் ஒரு மதிப்பீட்டுக்கு உதவும். மருத்துவர் கட்டணம் ஒவ்வொரு முறையும் 500 ரூபாய், நான்கு முறை. இரண்டு கோண எக்ஸ்ரே 1,200. ஸ்கேன் 1,000. சிறுநீர், இரத்தப் பரிசோதனைகள் 1,400. அறுவை சிகிச்சையும் மயக்க மருந்தும் 9,000. மருந்துகள், சிரிஞ்ச், நோயாளிகளுக்கான தூள் உணவு ஆகியவை 2,100. ஆக மொத்தம் 16,700 ரூபாய். முதல் மருத்துவமனையில் வீணாகப் போன 950 ரூபாய் இதில் சேரவில்லை. மாதந்தோறும் 500 ரூபாயைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கத்தை அன்று தொடங்கினேன். கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய பிராணி என்பதால் மருத்துவச் செலவும் அதற்கேற்ற அளவில் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன்.

எல்லாக் கல்லுக்கும் கத்தி தேவையில்லை. பெண்ணின் குழாய் வாயிலேயே வந்து நிற்கும் கல்லை, லேசான மயக்கத்தில் இடுக்கியால் எடுத்துவிட முடிவதுண்டு. சிறுநீர்ப்பையில் தங்கிய பெரிய கல்லுக்குச் சிறுநீர்ப்பையைத் திறக்கும் அறுவைதான் வழி. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்பு, அன்று காலையில் எடுத்த எடை அதில் எழுதப்பட்டிருக்கிறதா, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண் சரியா, சிக்கல் ஏற்பட்டால் எதுவரை முயல வேண்டும் என்ற உங்கள் விருப்பம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சிறு பிராணிகளுக்கு மயக்க மருந்தின் ஆபத்து நாயைவிட அதிகம். அதை மறைக்காமல் சொல்லும் மருத்துவரே நல்லவர்.

“முந்தின இரவு முதல் பட்டினி போடுங்கள்” என்று வரவேற்பு மேசையில் சொல்லக்கூடும். நாய்க்கும் பூனைக்கும் உரிய விதி அது. கினிப்பன்றியால் வாந்தி எடுக்கவே முடியாது என்பதால் அந்தக் காரணம் இதற்குப் பொருந்தாது. நீண்ட பட்டினி குடலை நிறுத்திவிடும். அறுவைக்குச் சற்று முன்பு வாயில் உணவுத் துணுக்கு இல்லாமல் பார்த்துக்கொள்வதே போதும். மருத்துவரிடமே நேராகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எடுத்த கல்லைக் கேட்டு வாங்கி, சிறு புட்டியில் உலர்வாக வைத்திருங்கள். எதிர்காலத்தில் பகுப்பாய்வுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் அது வேண்டும்.

10. வீடு திரும்பிய முதல் 10 நாள்கள்

மயக்கம் தெளிந்து சில மணி நேரங்களுக்குள் தின்னத் தொடங்க வேண்டும். தானாகத் தின்னாவிட்டால், புல்வகைத் தூள் உணவை நீரில் குழைத்து, அது கிடைக்காவிட்டால் வழக்கமான குச்சித் தீவனத்தை (பெல்லட்) ஊறவைத்து மசித்து, ஊசியில்லாத சிரிஞ்சால் ஊட்டுங்கள். உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மில்லி என்ற கணக்கில், நான்கு முதல் ஆறு வேளைகளாகப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். வாயின் பக்கவாட்டில், முன்பற்களுக்குப் பின்னாலுள்ள இடைவெளியில் சிறிது சிறிதாக விட்டு, மென்று விழுங்கிய பிறகே அடுத்ததை விடுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் நுரையீரலுக்குள் போய்விடும். முதல் நாள் எனக்கு 10 மில்லி ஊட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று; அதில் பாதி என் சட்டையில்.

தையலை நாளுக்கு இருமுறை பாருங்கள். சிவந்து வீங்கினாலோ நீர் கசிந்தாலோ அழையுங்கள். இரண்டு மூன்று நாள்களுக்குச் சிறுநீரில் லேசான சிவப்பு தெரிவதை மருத்துவர் முன்பே எச்சரித்திருப்பார். ஆனால் அது குறைந்துகொண்டே வர வேண்டும். எடையைத் தினமும் பாருங்கள். மிளகு 860 கிராமிலிருந்து 940 கிராமுக்கு ஏறுவதற்கு ஐந்து வாரங்கள் ஆயின.

11. மீண்டும் வராமலிருக்க: தண்ணீர், புல், கீரை

கல் மறுபடி வருவது இவ்வினத்தில் சாதாரணம். முழுவதும் தடுக்க முடியாவிட்டாலும், தள்ளிப்போட முடியும்.

முதலாவது தண்ணீர். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லி தேவை. கூண்டில் மாட்டிய தண்ணீர்ப் புட்டியின் குழாய் முனையிலுள்ள குண்டு சிக்கிக்கொண்டு புட்டி நிறைந்தே இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு காலையும் விரலால் தட்டிப் பாருங்கள். புட்டியுடன் ஒரு மண் கிண்ணத்திலும் நீர் வைத்தால் பல கினிப்பன்றிகள் கூடுதலாகக் குடிக்கின்றன. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளை படியும் அளவுக்குக் கடினமானது. அதனால் நாங்கள் குடிக்கும் வடிகட்டிய நீரையே கொடுக்கிறேன். கீரையையும் காய்கறியையும் கழுவி, நீர் சொட்டச்சொட்ட வையுங்கள். வைட்டமின் சி சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலக்காதீர்கள்: வைட்டமின் விரைவில் சிதைந்துவிடும், சுவை மாறுவதால் குடிப்பதும் குறையும். கினிப்பன்றியின் உடலால் வைட்டமின் சியைத் தயாரிக்க முடியாது என்பதால் நாள்தோறும் தர வேண்டியதுதான். ஆனால் ஒரு துண்டு குடைமிளகாயாகத் தருவது எளிது.

இரண்டாவது புல். உணவில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும், அளவில்லாமல் இருக்க வேண்டும். இறக்குமதியாகும் தைமதி உலர்புல் கிலோ 700 ரூபாய் அளவில் வாங்குகிறேன். கட்டுப்படியாகாத வாரங்களில் பூச்சிமருந்து படாத இடத்திலிருந்து அருகம்புல் வரும். வைக்கோலைப் படுக்கைக்கு வைத்துக்கொள்ளலாம். உணவாக அது போதாது. குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா) கால்சியம் மிகுந்தது. குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் மட்டுமே பொருத்தம். நீங்கள் வாங்கும் குச்சித் தீவனத்தின் உறையைத் திருப்பிப் பாருங்கள். முதல் பொருளாகக் குதிரைமசால் இருந்தால், வளர்ந்த கினிப்பன்றிக்கு வேறு தீவனம் தேடுங்கள். அதையும் நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது கீரை. மேலைநாட்டுப் பட்டியல்களில் நம் கீரைகள் இருக்காது என்பதால் இதில் நாமே கவனமாக இருக்க வேண்டும். அகத்திக்கீரையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 900 முதல் 1,100 மில்லிகிராம் கால்சியம் உண்டு; நமக்கு நல்லது என்ற காரணத்துக்காகவே கினிப்பன்றிக்கு ஆகாது. முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, முளைக்கீரை ஆகியவையும் கால்சியம் மிகுந்தவையே. பாலக் கீரையில் ஆக்சலேட்டும் அதிகம். மிளகுக்கு நான் வாரம் ஒருமுறை முருங்கைக்கீரையை ஆசையாகக் கொடுத்துவந்தேன். அதுதான் கல்லுக்குக் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, பரம்பரையும் குறைவான நீரும் புல் போதாமையும் சேர்ந்தே கல்லை உண்டாக்குகின்றன, ஆயினும் நிறுத்திவிட்டேன். வெள்ளரிக்காய், குடைமிளகாய், லெட்யூஸ், சோளக்கதிரின் பச்சைத் தோல், அளவாகக் கொத்தமல்லி ஆகியவை இப்போது எங்கள் வீட்டுப் பட்டியல். கால்சியத்தை அறவே நீக்கிவிடும் எண்ணமும் தவறு. எலும்புக்கும் பல்லுக்கும் அது வேண்டும்.

அறுவைக்குப் பிறகு மூன்றாம் மாதத்தில் ஒரு எக்ஸ்ரேயும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒன்றும் எடுக்கும்படி எங்கள் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதற்கு ஒரே கோணம் போதும் என்பதால் 600 ரூபாய்க்குள் முடிகிறது. காலை முதல் ஆளாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெயிலும் ஏறியிருக்காது, நாய்களும் வந்திருக்காது.